பெருந்திமிலும் கரிச்சான் கேட்ட கேள்வியும்

குறும்பாற்றங்கரைக் காட்டில் பெருந்திமில் என்றொரு காட்டெருது இருந்தது. கரும்பாறை போன்ற உடம்பு. அதன்மேல் இன்னொரு பாறையைத் தூக்கி வைத்ததுபோல் திமில். அது நடந்து வந்தால் முயல்கள் வளைக்குள் இருந்தபடியே, "அவர்தான் வருகிறார்" என்று சொல்லிவிடும். நீண்ட காலம் அந்தக் காட்டுக்கு அதுதான் தலைவன்.

ஒரு மழைக்காலத்தில் குறும்பாற்றில் திடீரென்று வெள்ளம் வந்தது. அன்று காட்டு விலங்குகள் எல்லாம் ஆற்று மணலில் கூடியிருந்தன. பெருந்திமில் தலைவனான நாளைக் கொண்டாடும் விழா நடந்துகொண்டிருந்தது. மான்குட்டிகள், பன்றிக்குட்டிகள், முயல்கள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஆறு வாரிக்கொண்டு போனது. பெருந்திமிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கரையோரப் பாறையின் உச்சியில் நின்று வணக்கம் வாங்கிக்கொண்டிருந்தது.

தப்பிப் பிழைத்த விலங்குகள் முதலில் அழுதன. அழுது முடித்ததும் அவற்றுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்ததும் பெருந்திமில், "எனக்கு உடம்பு சரியில்லை. மலைக்காற்று வேண்டும்" என்று சொல்லிவிட்டு மேற்கு மலைப் புல்வெளிக்குப் போய்விட்டது. ஒரு முதிய பிடியானை காட்டைப் பார்த்துக்கொண்டது.

இரண்டு கோடை போயின. பிடியானைக்குக் கண் மங்கிவிட்டது. "என்னால் முடியவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று அது சொன்னது.

செய்தி மலைக்கு எட்டியதுதான் தாமதம். பெருந்திமில் இறங்கி வந்துவிட்டது! முன்னால் தோகையன் என்ற மயில். இரண்டு பக்கமும் காவலுக்கு எருதுகள். அந்த எருதுகளில் முதலாவதாக வந்தது கொடிக்கொம்பன். அது பெருந்திமிலின் அக்கா மகன்.

"தலைவர் வந்துவிட்டார்! உப்புநிலத்தைக் கண்டுபிடித்தவர் வந்துவிட்டார்! புலியை விரட்டியவர் வந்துவிட்டார்!" என்று தோகையன் மரம் மரமாகப் போய்க் கூவியது.

வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த குட்டிகள் வாயைப் பிளந்து பார்த்தன. அவற்றின் தாய்கள் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அந்தக் காட்டில் பிடியானை ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. தலைமைக்கு ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் ஆற்றங்கரை மருத மரத்தடிக்கு வரவேண்டும். கருமணி கேட்கும் கேள்விகளுக்கு எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். கருமணி ஒரு கரிச்சான் குருவி. கைப்பிடி அளவுதான் இருக்கும். ஆனால் கழுகு வந்தால்கூட எழுந்து போய் அதன் தலையில் கொத்திவிட்டு வரும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தோகையன் கருமணியைத் தேடி வந்தது.

"கருமணி, நாளைக்கு நல்ல கேள்வியாகக் கேள்!"

"நல்ல கேள்வி என்றால்?"

"உப்புநிலத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேள். புலியை விரட்டிய கதையைக் கேள். அவருக்கு எந்தப் புல் பிடிக்கும் என்று கேள். குட்டிகள் ரசிக்கும்!"

"வெள்ளத்தைப் பற்றி?"

"சேச்சே! அது முடிந்துபோன கதை. அவர் மனசு புண்படும்."

"சிற்றடியின் மனசு?"

"யார் அது சிற்றடி?" என்று தோகையன் கேட்டது.

கருமணிக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அங்கே இருந்தால் மயிலின் கொண்டையைப் பிய்த்துவிடுவோம் என்று பயந்து பறந்துபோய்விட்டது.

மறுநாள் காலை மருத மரத்தடியில் நிற்க இடமில்லை. பெருந்திமில் நடுவில் வந்து நின்றது. கொம்புகளில் தோகையன் காட்டுக்கொடியைச் சுற்றிவிட்டிருந்தது. காவல் எருதுகள் பின்னால் வரிசையாக நின்றன. பிடியானை ஒரு ஓரமாகக் காதை அசைத்துக்கொண்டிருந்தது.

கருமணி தாழ்வான கிளை ஒன்றில் வந்து உட்கார்ந்தது.

"ஐயா, நீங்கள் மறுபடி தலைவராக வேண்டும் என்று ஏன் ஆசைப்படுகிறீர்கள்?"

"ஆசையா? எனக்கா?" பெருந்திமில் பெருமூச்சு விட்டது. "காடு என்னைக் கூப்பிடுகிறது. என் காலத்தில் இந்தக் காடு எப்படி இருந்தது! உப்புநிலம் நான் கண்டுபிடித்தது. ஆற்றோரப் பாதை நான் மிதித்துப் போட்டது. என்னைப் போல உழைத்தவன் யார் இருக்கிறான்?"

"ஆமாம்! ஆமாம்!" என்று தோகையன் கூவியது. சில குரங்குகள் கை தட்டின.

"உப்புநிலம் உங்களால்தான் கிடைத்தது. அதை யாரும் மறுக்கவில்லை" என்றது கருமணி. "அடுத்த கேள்வி. வெள்ளம் வந்த அன்று..."

பெருந்திமிலின் வால் ஒருமுறை சுழன்று விலாவில் அடித்தது.

"அதைப் பற்றி நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்."

"எங்களிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, ஐயா."

"வெள்ளம் இயற்கை! மழையை நானா பெய்யச் சொன்னேன்? மேகத்தை நானா இழுத்து வந்தேன்?"

"இல்லை. ஆனால் வெள்ளம் வரப்போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியாது! யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே விழாவை நிறுத்தியிருப்பேன். என் கண்ணீரை நீ பார்த்திருக்க மாட்டாய், குருவி. எத்தனை நாள் புல்லைத் தொடாமல் கிடந்தேன் தெரியுமா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிலருக்கு மனசு இளகியதுபோல் இருந்தது.

கருமணி கிளையில் ஓர் எட்டு முன்னால் வந்தது.

"தலைவர் பதவியைப் பற்றி இப்போது இருப்பவரிடம் கேள்!" என்று பெருந்திமில் அதை முந்திக்கொண்டது. "இந்த யானை என்ன கிழித்துவிட்டது? போன கோடையில் தண்ணீர் இல்லாமல் அலைந்தீர்களே, அதைக் கேட்டாயா? என்னிடம் மட்டும் ஏன் துருவித் துருவிக் கேட்கிறாய்?"

"கேட்டேன், ஐயா. போன பௌர்ணமியன்று இதே மரத்தடியில் கேட்டேன். வடக்குச் சுனையை முன்பே தோண்டாதது தன் தப்பு என்று அம்மா சொன்னார்கள். சொன்ன இரண்டாம் நாளே தோண்டிக் கொடுத்தார்கள்."

பிடியானை ஆமாம் என்று தலையை அசைத்தது.

"உன்னை யார் அனுப்பினார்கள்?" பெருந்திமில் குரலை உயர்த்தியது. "மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓநாய்களா? அவர்கள் போடும் பூச்சியைத் தின்றுவிட்டு இங்கே வந்து என்னைக் கேள்வி கேட்கிறாயா?"

"என் பூச்சியை நானே பிடிக்கிறேன், ஐயா. விழா நாள் காலையில் நீர்நாய் துழாவியை உங்கள் எருதுகள் ஆற்றோரமாகத் துரத்திக்கொண்டு போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். விருந்துக்கு வைத்திருந்த மீனை அவள் திருடிவிட்டாள் என்று எங்களிடம் சொன்னார்கள். அது உண்மையா?"

"மீனா? எந்த மீன்?"

"துழாவியை ஏன் துரத்தினீர்கள் என்று கேட்கிறேன்."

"ஒரு நீர்நாய் போனால் நாற்பது நீர்நாய் வரும். இதெல்லாம் ஒரு கேள்வியா? கேவலமான கேள்வி! நீ கேட்கிற விதமே சரியில்லை!"

"விதம் சரியில்லை என்றால் மாற்றிக் கேட்கிறேன். துழாவி என்ன தப்பு செய்தாள்?"

"வதந்தி பரப்பினாள்! போதுமா? நல்ல நாளும் அதுவுமாக வந்து எல்லோரையும் கலவரப்படுத்தப் பார்த்தாள். தலைவன் என்ற மரியாதை வேண்டாம்? பாறைமேல் ஏறி வந்து என் முகத்துக்கு நேராகக் கத்துகிறாள்!"

"என்ன வதந்தி, ஐயா?"

"அவளுக்கு வேறு என்ன தெரியும்? மலையில் மேகம் கறுத்துவிட்டது, ஆறு வருகிறது, எல்லோரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லுங்கள், ஏறச் சொல்லுங்கள் என்று..."

பெருந்திமில் அங்கே நின்றுவிட்டது.

வாய் திறந்தபடியே இருந்தது. தோகையன் மெதுவாகத் தோகையை மடக்கிக்கொண்டு ஒரு புதருக்குப் பக்கத்தில் நகர்ந்தது.

கருமணி குரலை உயர்த்தவில்லை.

"யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றீர்களே, ஐயா!"

"வார்த்தையைத் திரிக்காதே!" பெருந்திமில் முன்னங்காலால் மண்ணைக் கிளறியது. புழுதி கிளம்பியது. "நான் அப்படிச் சொல்லவில்லை! நீர்நாய் பேச்சை எல்லாம் பேச்சு என்று யார் கணக்கில் வைப்பார்கள்? இங்கே வானம் எப்படி இருந்தது? வெயில் அடித்தது! வெயிலில் நின்றுகொண்டு வெள்ளம் வருகிறது என்று சொன்னால் நம்புவதா? அவள் பேச்சைக் கேட்டு விழாவை நிறுத்தியிருந்தால், வெள்ளமும் வராமல் போயிருந்தால், மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்களா?"

அப்போது கூட்டத்துக்குள் இருந்து ஒரு புள்ளிமான் முன்னால் வந்தது. அதுதான் சிற்றடி. அது பேசி இரண்டு கோடை ஆகிவிட்டது. வெள்ளத்தன்று அதன் ஒரே குட்டியை ஆறு கொண்டுபோனது. அதன் கால்கள் எலும்பாக இருந்தன. ஆனால் நடை நேராக இருந்தது.

"நான் ஒன்று கேட்கலாமா?" என்றது சிற்றடி.

"கேள், அக்கா" என்று கருமணி விலகிக்கொண்டது.

"மலையில் இடி கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. என் குட்டியைக் கூட்டிக்கொண்டு கரையேற வந்தேன். உங்கள் எருதுகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. மயிலாட்டம் முடியும்வரை ஒருத்தரும் மணலைவிட்டுப் போகக்கூடாது, தலைவர் கட்டளை என்றன. நான் கெஞ்சினேன். என் குட்டி சின்னது என்று சொன்னேன். விடவில்லை. தண்ணீர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்களை ஏன் மறித்தீர்கள்?"

பெருந்திமில் அந்த மானைப் பார்த்தது. அந்த நேரத்தில் அது தலையைக் குனிந்திருக்கலாம். 'தப்பு செய்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

"உன் குட்டிக்கு நீந்தத் தெரியவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு?" என்று அது கத்தியது.

யாரோ ஒரு பன்றி அடித்தொண்டையில் உறுமியது. பிறகு இன்னொன்று. உறுமல் கூட்டம் முழுவதும் பரவியது.

"நன்றி கெட்டதுகள்! நான் கண்டுபிடித்த உப்பை நக்கி வளர்ந்தவர்கள் நீங்கள்! என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறீர்களா? ஒரு குருவி! ஒரு சாகப்போகிற மான்!" பெருந்திமிலின் கண்கள் சிவந்தன. அது கொம்பைத் தாழ்த்திச் சிற்றடியை நோக்கித் திரும்பியது. "டேய், கொடிக்கொம்பா! என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? இவர்களை மிதித்து விரட்டுங்கள்!"

காவல் எருதுகள் அசையவில்லை.

"கொடிக்கொம்பா! காது கேட்கவில்லையா?"

"கேட்கிறது, மாமா" என்றது கொடிக்கொம்பன். "அன்றைக்கும் கேட்டது. துழாவி உங்களிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். நீங்கள் அவளைத் துரத்து என்றீர்கள், துரத்தினேன். கரையை மறித்து நில் என்றீர்கள், நின்றேன். இந்த அக்காவைத் திருப்பி அனுப்பியது நான்தான். என் கொம்பால்தான் தள்ளினேன்."

அது நடந்து வந்து சிற்றடிக்கு முன்னால் நின்றது. தன் மாமனைப் பார்த்து நின்றது.

"இன்றைக்கு நிற்க மாட்டேன், மாமா. உங்கள் பக்கம் நிற்க மாட்டேன்."

மற்ற எருதுகளும் ஒவ்வொன்றாக விலகி வந்தன. அவற்றுக்குப் பின்னால் பன்றிகள் வந்தன. பன்றிகளுக்குப் பின்னால் மான்கள். முயல்கள்கூட வந்தன. ஒருவரும் பாயவில்லை. ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் பெருந்திமிலையே பார்த்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார்கள்.

வாழ்நாளில் முதல்முறையாகப் பெருந்திமில் ஓர் அடி பின்னால் வைத்தது.

"சூழ்ச்சி! எல்லாம் சூழ்ச்சி! கேள்விகளை முன்பே தயாரித்து வைத்திருக்கிறார்கள்!" என்று அது கத்திக்கொண்டே மேற்குப் பாதையில் போனது. போகும் வழியில் நின்றிருந்த ஒரு கறையான் புற்றை முட்டி உடைத்துவிட்டுப் போனது. அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத புற்று.

புதருக்குப் பின்னால் இருந்து தோகையன் வெளியே வந்தது.

"நான் அப்போதே சொன்னேன்! இந்த ஆள் சரியில்லை என்று எனக்கு முன்பே தெரியும்!"

கருமணி விருட்டென்று பறந்து அதன் தலைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது.

"முன்பே தெரியுமா, தோகையா? அப்படியானால் அடுத்த கேள்வி உனக்கு. இடி இடித்தபோது பாறைமேல் ஆடிக்கொண்டிருந்தாயே. ஆட்டத்தை ஏன் நிறுத்தவில்லை?"

தோகையன் பறந்த பறப்பில் இரண்டு இறகுகள் அங்கேயே விழுந்தன.

பிடியானை துதிக்கையைத் தூக்கியது. "துழாவி எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா?"

"கீழ்மடுவில் தனியாக இருக்கிறாள்" என்றது கொடிக்கொம்பன். "ஒருமுறை பார்த்தேன். என்னைக் கண்டதும் தண்ணீருக்குள் போய்விட்டாள்."

அன்றே எல்லோரும் கீழ்மடுவுக்கு நடந்தார்கள். மடுவின் நடுவில் ஒரு பாறை. துழாவி அதன்மேல் மீனைத் தின்றுகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றது. முதுகில் ஒரு நீளத் தழும்பு. கொம்பு கிழித்த தழும்பு.

"மறுபடியும் துரத்த வந்தீர்களா?" என்றது துழாவி.

"இல்லை, துழாவி. கூட்டிப்போக வந்தோம்" என்று கருமணி நடந்ததை எல்லாம் சொன்னது.

துழாவி கடைசிவரை கேட்டது. ஆனால் அதன் முகம் மாறவில்லை.

"அவன் கெட்டவன். சரி. உங்களை ஒன்று கேட்கிறேன். என்னைத் துரத்தியபோது நீங்கள் எல்லோரும் மணலில் நின்று பார்த்தீர்கள். உங்கள் நடுவில்தான் ஓடினேன். 'மேட்டுக்குப் போங்கள், மேட்டுக்குப் போங்கள்' என்று மூச்சு வாங்கக் கத்திக்கொண்டே ஓடினேன். உங்களில் சிலர் சிரித்தீர்கள். ஒருத்தர்கூட, 'ஏன் துரத்துகிறார்கள், இவள் என்ன சொல்ல வருகிறாள்' என்று கேட்கவில்லை. ஏன்?"

அன்று கருமணியும் மருத மரத்தில் உட்கார்ந்து அந்தத் துரத்தலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

யாராவது, 'எங்களிடம் மீன் திருடி என்று சொன்னார்கள்' என்று சொல்லியிருக்கலாம். யாராவது, 'விழாச் சத்தத்தில் காதில் விழவில்லை' என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான்.

சிற்றடி தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கியது.

"நானும் பார்த்தேன், துழாவி. மீன் திருடி என்றார்கள், நம்பிவிட்டேன். நம்புவது சுலபமாக இருந்தது. கேட்டிருந்தால் என் குட்டி இருந்திருக்கும். கேட்கவில்லை. தப்புதான்."

"நானும் கேட்கவில்லை. கேட்பது என் வேலையானது அதற்கப்புறம்தான்" என்றது கருமணி.

துழாவி பாறையைவிட்டுத் தண்ணீரில் இறங்கி, சிற்றடியின் அருகே கரையேறி, உடம்பை உதறிக்கொண்டது.

"நடங்கள். ஆனால் நான் கத்தினால் நிற்காமல் ஓட வேண்டும். வெயில் அடித்தாலும் ஓட வேண்டும்."

"ஓடுவோம்!" என்றன எல்லா விலங்குகளும்.

அந்த மழைக்கு முன்பே காடு ஒரு புதிய தலைவியைத் தேர்ந்தெடுத்தது. அது ஒரு காட்டுப்பன்றி. மருத மரத்தடியில் கருமணி அதனிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு, "எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் அது பதில் சொன்னது. பெருந்திமிலோ மேற்கு மலைப் புல்வெளியில் தனியாக நின்றுகொண்டு, தன்னிடம் கேள்வி கேட்ட விதம் சரியில்லை என்று போகிற வருகிற வெட்டுக்கிளிகளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தவறு செய்தவன் அதை ஒத்துக்கொண்டால் மறுபடி மற்றவர்களோடு சேர்ந்து நிற்க இடம் கிடைக்கும். கேள்வி கேட்டவர்மேல் சீறிப் பாய்கிறவனோ, தான் மறைக்க நினைத்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுத் தனியாக நிற்பான்.